கடற்படை நூல் கேட்கும் கங்கைகொண்டசோழபுரம்

1811 ஏப்ரலில் சென்னைத் துறையிலிருந்து ஆங்கிலேயரின் படைக்கப்பல்கள் கிழக்கே பாய் விரித்தன. போக வேண்டிய இடம் ஜாவா. ஹாலந்து நெப்போலியன் வசமாகிவிட்டதால் டச்சுக்காரர்களின் அந்தத் தீவும் பிரெஞ்சு ஆதிக்கத்துக்குள் வந்திருந்தது. சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன கப்பல்கள் மலாக்காவில் ஒன்றுகூடியபோது அவை ஏறத்தாழ நூறு. வீரர்கள் சுமார் பன்னிரண்டாயிரம் பேர். கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபுவே கூடப் போனார். ஆகஸ்ட் 4 அன்று ஜாவாவில் கரையிறங்கினார்கள். செப்டம்பர் 18 அன்று தீவு சரணடைந்தது.

இந்தப் படையெடுப்பைப் பற்றி இன்று ஒருவர் படிக்க விரும்பினால் அவருக்குப் பஞ்சமே இல்லை. போரில் நேரில் கலந்துகொண்ட மேஜர் வில்லியம் தார்ன், 1815-இலேயே வரைபடங்களோடு ஜாவா வெற்றியைப் புத்தகமாக்கிவிட்டார். அந்தக் காலத்துக் கடற்போர்கள் அனைத்தையும் கப்பல் கப்பலாக, பீரங்கி பீரங்கியாக எண்ணி எழுதிய வில்லியம் ஜேம்ஸின் தொகுதிகள் 1820-களில் வந்தன. 1954-இல் நார்த்கோட் பார்க்கின்சன், கீழைக் கடல்களில் நடந்த போர்களுக்கென்றே தனி நூல் எழுதினார்; அப்போது அவர் சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியர். மின்டோ எந்தக் கப்பலில் போனார், பருவக்காற்றுக்கு எதிரே எந்த வழியாகச் செல்வது என்று யார் யார் வாதாடினார்கள், மே 2 அன்று அடித்த புயலில் சென்னைத் துறையில் 'டோவர்' என்ற போர்க்கப்பல் எப்படி உடைந்தது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கின்றன. கூடப் போன மொழியறிஞர் ஜான் லெய்டன் பட்டாவியாவில் சுவடிகளைத் தேடி ஈரம் படிந்த ஒரு நூலகத்துக்குள் நுழைந்து, காய்ச்சல் கண்டு மாண்டார் என்ற செய்திகூட விடுபடவில்லை.

இதே வங்கக் கடலை, இதே மலாக்கா நீரிணையை நோக்கி, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் படை கடந்து போயிருக்கிறது. ஆண்டு 1025. அனுப்பியவன் முதலாம் இராசேந்திரன். அவன் ஆட்சியின் தலைநகரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் உள்ள கங்கைகொண்டசோழபுரம். அந்தப் படையெடுப்பின் கடற்பயணத்தைப் பற்றி நமக்கு நேரடியாகக் கிடைப்பது மெய்க்கீர்த்தியின் சில வரிகள். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி அதற்கு ஒதுக்கியது ஒரே ஒரு செய்யுள்.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் கடற்கரை கிடையாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததை இங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் வாரணவாசி அருங்காட்சியகத்துப் புதைபடிவங்களும் சொல்லும். அந்தக் கடல் வற்றிப்போனது. ஆனால், ஆசியாவின் இடைக்கால வரலாற்றில் பெரும் கடற்படையெடுப்பு ஒன்றைத் திட்டமிட்ட அரசு இந்த உள்நாட்டு மண்ணில்தான் அமர்ந்திருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லத் தெரிந்த நமக்கு, சான்றுகளோடு அதைச் சொல்லும் முழுமையான கடற்படை வரலாறு ஒன்று தமிழில் இல்லை என்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

மெய்க்கீர்த்தி தருவது குறைவுதான், ஆனால் அது கனமானது. அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்திக் கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்ததையும், அவனுடைய யானைகளையும் பெருஞ்செல்வத்தையும் கைப்பற்றியதையும் சொல்கிறது. பிறகு ஊர்கள் வரிசையாக வருகின்றன: ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் உள்ளிட்ட பதின்மூன்று இடங்கள். எத்தனை கலங்கள், யார் தலைமை தாங்கினார்கள், எந்த மாதம் புறப்பட்டார்கள் என்பது அதில் இல்லை.

இந்தப் பதின்மூன்று பெயர்களும் நிலப்படத்தில் இடம்பிடித்த கதை தனியாகச் சொல்லத் தக்கது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 1891-இல் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்தபோது, கடாரம் என்பது தென் தமிழகத்திலேயே இருக்கும் ஓர் ஊர் என்றுதான் கருதினார். கடல் கடந்த படையெடுப்பு என்ற எண்ணமே அப்போது வலுப்பெறவில்லை. பிறகு, 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழகம்' எழுதிய கனகசபைப் பிள்ளை அதைப் பர்மாவில் வைத்தார். பர்மாத் தொல்லியல் துறை ஒரு படி மேலே போய், பெகு நகருக்கருகே கிடைத்த இரண்டு கருங்கல் தூண்களை இராசேந்திரன் நட்ட வெற்றித் தூண்கள் என்றே அறிவித்தது. 1918-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செடெஸ் ஸ்ரீவிசயப் பேரரசைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்ட பிறகுதான் எல்லாம் மாறியது. சீனக் குறிப்புகளையும் அரபுப் பயணிகளின் எழுத்தையும் தமிழ்க் கல்வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார் அவர். ஸ்ரீவிசயம் சுமத்திராவின் பலெம்பாங் என்றும் கடாரம் மலேசியாவின் கெடா என்றும் தெளிவாயிற்று. மாநக்கவாரம் நிக்கோபார், இலாமுரி சுமத்திராவின் வடமுனை, மாதமாலிங்கம் தாய்லாந்தின் நகோன் சி தம்மராட் வட்டாரம். உள்ளூர்ச் சண்டை என்று எண்ணப்பட்டது, வங்கக் கடலின் எதிர்க்கரை முழுவதையும் தொட்ட படையெடுப்பு என்று தெரியவந்தது.

1930-களில் நீலகண்ட சாஸ்திரியார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளியிட்ட 'சோழர்கள்' இந்த முடிவுகளை உறுதிப்படுத்தியது. தமிழில் சதாசிவப் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' வந்தது. 1945-இல் கே.எம். பணிக்கர், மகான் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி வகுத்த வழியில் இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தபோது சோழர்களுக்கு முக்கியமான இடம் கொடுத்தார். 1983-இல் ஜார்ஜ் ஸ்பென்சர், ஈழத்தின் மீதும் ஸ்ரீவிசயத்தின் மீதும் சோழர் எடுத்த படையெடுப்புகளுக்குப் பின்னால் கொள்ளைப் பொருளின் தேவை இருந்தது என்று வாதிட்டார். 2009-இல் ஹெர்மன் குல்கே உள்ளிட்டோர் பதிப்பித்த 'நாகப்பட்டினத்திலிருந்து சுவர்ணத்தீவுக்கு' என்ற ஆங்கிலத் தொகுப்பு சிங்கப்பூரிலிருந்து வந்தது. என் கணிப்பில் இந்தப் பொருளில் இதுவரை வந்தவற்றுள் அதுவே தலையாயது. படித்து முடித்ததும் அதைத் தமிழில் தர வேண்டுமே என்ற தவிப்பு தவிர்க்க முடியாமல் வரும்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கடலைக் காட்டியவர்கள் பெரும்பாலும் நாவலாசிரியர்கள். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சாண்டில்யனின் 'கடல் புறா' வாரா வாரம் ஒரு தலைமுறையையே கப்பலேற்றியது. அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் வரலாற்று நூல் செய்ய வேண்டிய வேலையையும் நாவலே சுமக்கும்படி விட்டுவிட்டோம். அதனால்தான் இன்றும் மேடைகளில் இராசேந்திரனின் கப்பல்களுடைய எண்ணிக்கையும் வகைகளும் சான்றே இல்லாமல் முழங்கப்படுகின்றன. விதிவிலக்காக, இந்தியக் கடற்படையில் பணியாற்றிய நரசய்யா 'கடல்வழி வணிகம்' எழுதினார். கப்பலில் வேலை பார்த்தவர் கடலை எழுதும்போது பேச்சே வேறாக இருக்கிறது.

பிரிட்டிஷ்காரர்களின் நூலடுக்கிலிருந்து நாம் கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. அவர்களுடைய கேப்டன்கள் நாள்தோறும் எழுதிய லாக் புத்தகங்கள் லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. 1893-இல் ஜான் நாக்ஸ் லாட்டன் முயற்சியில் கடற்படை ஆவணச் சங்கம் தொடங்கப்பட்டது. மூல ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக அச்சிடுவதே அதன் பணி. அவ்வளவு தாள்கள் நம்மிடம் இல்லைதான். ஆனால் அண்மைக்கால பிரிட்டிஷ் கடற்படை வரலாற்றாசிரியர்களுள் முதல் வரிசையில் நிற்கும் என்.ஏ.எம். ரோட்ஜர் அந்தத் தாள்களை வைத்துச் செய்தது என்ன என்று பார்க்க வேண்டும்.

1997, 2004, 2024 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரும் தொகுதிகளாக பிரிட்டனின் கடற்படை வரலாற்றை அவர் முடித்தார். அதில் போர் ஒரு பகுதி மட்டுமே. நிர்வாகம், மாலுமிகளின் வாழ்க்கை, கப்பல் கட்டுமானம் என்று தனித்தனி அத்தியாயங்கள் போகின்றன. மாலுமிக்கு ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் எங்கிருந்து வந்தன, கப்பல் கட்டும் துறைக்கு மரமும் சணலும் தாரும் யார் கொடுத்தார்கள், அதற்கான வரியை நாடாளுமன்றம் எப்படித் திரட்டியது என்று கேட்டுக்கொண்டே போகிறார். கடற்படை என்பது ஒரு நாடு முழுவதும் சேர்ந்து செய்யும் வேலை. அதன் வேர் கரையில்தான் இருக்கிறது என்பது அந்தத் தொகுதிகளைப் படிப்பவருக்குப் புலனாகும்.

இந்த முறையில் கேட்டால் சோழர்களிடம் பதில் இருக்கிறது. கடலில் நடந்ததைச் சொல்லாத கல்வெட்டுகள், கரையில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நிலம் அளந்த கணக்கும் வரி தண்டிய புரவுவரித் திணைக்களமும் கல்லில் இருக்கின்றன. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் என்ற வணிகக் குழுக்கள் கல்லில் இருக்கின்றன. சுமத்திராவின் பாருஸில் 1088-இல் ஐந்நூற்றுவர் நாட்டிய தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. இராசராசன் காலத்தில், ஸ்ரீவிசய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாகப் போனதைச் செப்பேடு சொல்கிறது. நாகைக் காரோணம் கோயிலுக்கு ஸ்ரீவிசய அரசனின் ஆட்கள் சீனப் பொன்னும் அணிகளும் கொடுத்த செய்தி இராசேந்திரனின் தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகளில் வருகிறது. 1015-இல் சீனத் தலைநகரை அடைந்த சோழத் தூதுக்குழு, பயணத்துக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்று சீனர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள்.

கொடுத்தும் வாங்கியும் இருந்த இரண்டு அரசுகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் போருக்கு வந்தது ஏன்? சீனத்துக்குப் போகும் வணிக வழியில் ஸ்ரீவிசயம் குறுக்கே நின்றதுதான் காரணம் என்பார்கள் ஒரு சாரார். கொள்ளைதான் நோக்கம் என்பார் ஸ்பென்சர். எனக்கு முதல் கருத்தே வலுவாகத் தோன்றுகிறது. தூதுக்கும் கொடைக்கும் அவ்வளவு செலவழித்த அரசு, ஒரு முறை அள்ளிக்கொண்டு திரும்புவதற்காக மட்டும் இத்தனை துறைமுகங்களைத் தாக்கியிருக்காது. தாக்கப்பட்ட இடங்களுள் பல மலாக்கா நீரிணையின் வாயில்களில் அமைந்தவை என்பதை எந்தப் படத்திலும் பார்க்கலாம்.

காற்றும் ஒரு சான்று. வடகிழக்குப் பருவக்காற்று தணியத் தொடங்கும் மாதங்களில் சோழ மண்டலக் கரையிலிருந்து கிழக்கே போவதும், திசை மாறும் காற்றுக்குக் காத்திருந்து திரும்புவதும் பாய்மரக் காலத்தின் அடிப்படைக் கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் 1809-இலிருந்து வெளியிட்ட கப்பல் வழிகாட்டி நூல் இந்தக் கடலின் காற்றையும் நீரோட்டத்தையும் மாதவாரியாகச் சொல்கிறது. காற்று அதே காற்றுதான். ஆகவே 1809-இன் நூலை வைத்து 1025-இன் பயணத்தைப் பெருமளவு மீட்டெடுக்க முடியும். கூடவே, 1950-இல் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் வெளியிட்ட 'கப்பல் சாத்திரம்' போன்ற பிற்காலச் சுவடிகளையும், இன்றும் நாகை, கடலூர்ப் பக்கத்து மீனவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் கணிக்கும் அறிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரம்பலூருக்கும் அந்த ஆங்கில நூலடுக்கில் ஓர் இடம் உண்டு. 1751-இல் ரஞ்சன்குடிக் கோட்டையும் வாலிகண்டபுரமும், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் பிரெஞ்சு அணிக்கும் முகமது அலியின் ஆங்கில அணிக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. ஆங்கிலப் படை நிலைகுலைந்து ஊட்டத்தூர் வழியே திருச்சிக்குப் பின்வாங்கியது; இளைஞன் கிளைவ் அந்தப் படையில் உணவு, தளவாடம் கவனிக்கும் பொறுப்பில் இருந்தான். அஞ்சுதெங்கில் பிறந்த ராபர்ட் ஓர்ம் 1763-இல் வெளியிட்ட போர் வரலாற்றில் இது விரிவாக வருகிறது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையிலான போட்டிக்கு முடிவு கட்டியது ரஞ்சன்குடியில் நடந்த சண்டை அல்ல. 1758, 1759-இல் கடலூர், நாகப்பட்டினம், புதுச்சேரிக்கு அப்பால் போகாக், தாஷே என்ற இரு தளபதிகள் மோதிய மூன்று கடற்போர்களுக்குப் பிறகு பிரெஞ்சுக் கப்பல்கள் இந்தக் கரையை விட்டுப் போயின. 1761 சனவரியில் புதுச்சேரி விழுந்தது. பெரம்பலூர்ப் பிள்ளைகள் ரஞ்சன்குடிக்குச் சுற்றுலா போகும்போது, அந்தக் கோட்டையின் தலைவிதி கடலில் எழுதப்பட்டது என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆங்கிலேயர் எழுதிவைத்ததற்கு நன்றி சொல்லும்போது அவர்கள் அழித்ததையும் சொல்லத்தான் வேண்டும். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்டசோழபுரம் கோயிலின் சுற்றுமதில் பெயர்க்கப்பட்டு அதன் கற்கள் அணைக்குப் போயின. அதோடு போன கல்வெட்டுகள் எவையோ! கீழணை ஆயிரக்கணக்கான ஏக்கருக்குத் தண்ணீர் தந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு பேரரசின் தலைநகரைக் கற்சுரங்கமாக நடத்தியதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

2025 சூலையில் கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழாவில் இராசேந்திரனின் கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்டது. பிரதமர் வந்தார், நினைவு நாணயம் வெளியிடப்பட்டது. இங்கே அருங்காட்சியகம் அமைக்கும் அறிவிப்பும் வந்திருக்கிறது. நல்ல செய்திகள். அந்த அருங்காட்சியகத்துக்கு முன்பாகவோ அதோடு சேர்ந்தோ ஒரு நூல் வர வேண்டும். செடெஸின் 1918 கட்டுரையும் 2009-ஆம் ஆண்டுத் தொகுப்பும் தமிழாக்கம் பெற வேண்டும். கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கில் 1930-களில் குவாரிச் வேல்ஸ் தொடங்கிவைத்த அகழாய்வுகளின் முடிவுகளும், கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியெடுத்த சீனப் பீங்கான் ஓடுகளும் ஒரே அத்தியாயத்தில் சந்திக்க வேண்டும். கல்வெட்டறிஞர் ஒருவர், கடற்படையில் இருந்த ஒருவர், சீனமும் மலாயும் படிக்கத் தெரிந்த ஒருவர் என மூவர் சேர்ந்தால் சில ஆண்டுகளில் முடிக்கக்கூடிய வேலை இது. அரியலூர் மாவட்ட மைய நூலகத்திலும் செயங்கொண்டம் பள்ளிகளிலும் முதல் பிரதிகள் போய்ச் சேர வேண்டும். விலை ஒரு கல்லூரி மாணவர் வாங்கும்படி இருக்க வேண்டும்.