சுருக்குப் பை

ஆகாயப் பிரயாணம் என்றதும் நம்மவர்களுக்குப் பெரிய பெட்டியின் மீதுதான் கண். அதை வாங்குவதும், தராசில் வைத்து நிறுப்பதும், கயிற்றால் இறுக்குவதும், மேலே பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுவதுமாக ஒரு மாதம் கழிந்துவிடும். கையோடு கொண்டுபோகும் சிறு பையின் ஞாபகம் கடைசி இரவில்தான் வரும். எஞ்சியதெல்லாம் அதற்குள் போய் விழும்.

வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் புறப்பட்ட என் தங்கை மகள் இதற்கு விதிவிலக்கு. பிரயாணத்துக்குப் பத்து நாள் இருக்கையிலேயே தோட்டத்திலிருந்து ஹட்டன் வந்து, "மாமா, ஆபத்து அந்தரம் ஏதாச்சும் வந்தா கைப்பையில என்னென்ன இருக்கணும்? ஒரு லிஸ்ட் எழுதிக் குடுங்க" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் பழகிய கைக்கு இது ஒரு காரியமா என்று எண்ணித்தான் தாளை எடுத்தேன். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

ஆபத்து என்பது எங்கே ஆரம்பமாகிறது? கட்டுநாயக்கவில் அல்ல, எங்கள் வாசற்படியிலேயே. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கும் வீதி ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாகச் செல்வது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டு வீதிகள் பலவற்றை மண் மூடியது. ரயில் பாதை பல இடங்களில் அறுந்து தொங்கியது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய வேளையில் விமானச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருப்பவன் மலையை விட்டு இறங்க வழியின்றி நிற்பான். ஆகவே, வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே கைப்பை முழுமை பெற்றிருக்க வேண்டும். மழைக்காலமானால் ஒரு நாள் முன்னதாகவே கொழும்புப் பக்கம் இறங்கிவிடுவது உத்தமம். தண்ணீர்ப் போத்தல், விசுக்கோத்து, சிறு டோர்ச் ஆகிய மூன்றும் விமானத்துக்காக அல்ல, வழிக்காக.

மருந்து விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பானவன். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்துத் தீவின் எரிமலையொன்று சாம்பலைக் கக்க, ஐரோப்பிய வான்வழியின் பெரும்பகுதி ஏறக்குறைய ஆறு நாட்கள் மூடப்பட்டது. இலட்சக்கணக்கான பிரயாணிகள் எங்கெங்கோ சிக்கிக்கொண்டார்கள். அன்றாட மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்தவன், அந்தப் பெட்டியைத் திரும்பக் காணும்வரை நோயாளிதான். ஒரு வாரத்துக்குரிய மாத்திரை கையில் இருக்கட்டும். கடை உறையை விட்டுப் பிரிக்காமல், வைத்தியரின் சீட்டோடு இருக்கட்டும். டிரமடோல், கொடீன் முதலிய வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு இராச்சியத்தில் கட்டுப்பாடு உண்டு. இங்கே தலைவலிக்கு விழுங்கும் ஒன்று அங்கே விசாரணைக்கு இடமாகலாம்.

கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் 'பவர் பேங்க்' கையில்தான் வரவேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. தீப்பற்றினால் மனிதர் கண்ணெதிரே பற்ற வேண்டும் என்பதே காரணம். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு விமானம் புறப்படுமுன்பே எரிந்தது. தலைக்கு மேலுள்ள தட்டில் இருந்த அத்தகைய கருவியொன்றின்மீது சந்தேகம் விழுந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் அதை மேல்தட்டில் வைக்கவும் தடை போட்டன.

ஒரு கம்பளிச் சட்டை வேண்டும் என்று எழுதியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. "குளிரு நமக்குப் புதுசா மாமா?" என்றாள். புதிதல்லதான். முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி உயரத்து மலையில் உள்ளதுபோல் வைக்கப்படுகிறது. நுவரெலியாவின் உயரமும் ஆறாயிரம் அடிக்குச் சற்று மேல்தானே! சமவெளியில் கட்டிய விசுக்கோத்துப் பொட்டலம் நுவரெலியாக் கடையில் உப்பி நிற்பதைப் பார்த்த நமக்கு, விமானத்தில் பொட்டலம் உப்புவதும் காது அடைப்பதும் விந்தையல்ல.

இவ்வளவும் எழுதியபின், கேட்கக் கூடாததை அவள் கேட்டுவிட்டாள். "பிளேனே விழுந்தா?"

எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்கு ஒரு மலை உண்டு. நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே நிற்கும் ஏழு கன்னியர் மலையில், 1974 டிசம்பர் 4-ஆம் திகதி இரவு ஒரு டீ.சி.-8 விமானம் மோதியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து 182 ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குச் செல்லும் வழியில், கொழும்பில் இறங்க வந்த விமானம் அது. தாம் இருந்த இடத்தை விமானிகள் பிழையாகக் கணித்து, இறங்கத் தகாத இடத்தில் இறங்கினார்கள். பணியாளர் ஒன்பதின்மர் உட்பட 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த மலைக்கு எந்தக் கைப்பையும் விடையாகாது. இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

ஆனால், எல்லா விபத்தும் அந்த மலையல்ல. விமான விபத்துகளில் மிகப் பலவற்றில் மனிதர்கள் உயிரோடு வெளியேறுகிறார்கள், வெளியேற நேரமிருந்தால். வாசல்களில் பாதி அடைபட்டிருந்தாலும் எல்லோரும் 90 விநாடிகளில் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் பெரிய விமானமொன்றுக்கு அனுமதி கிடைக்கும். கணக்கில் கைப்பைக்கு இடமில்லை. 2016 ஆகஸ்ட் 3-ஆம் திகதி திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற விமானமொன்று ஓடுபாதையில் வயிறு தேய்த்து எரிந்தபோது, புகைக்கு நடுவே மேல்தட்டைத் திறந்து பைகளை இழுத்தவர்களை உலகமே படச்சுருளில் கண்டது. உள்ளே இருந்த 300 பேரும் பிழைத்தார்கள். தீயணைக்க வந்த வீரர் ஒருவர் மாண்டார். பையை இழுத்தவர்களை நான் பழிக்க மாட்டேன். வளைகுடா செல்லும் ஏழையின் கைப்பையில் அவனுடைய கடவுச்சீட்டும், உழைப்பும், ஊர்க்கடனும் சேர்ந்தே இருக்கின்றன. ஆயினும் 2024 ஜனவரி 2-ஆம் திகதி தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் எரிந்த விமானத்திலிருந்து, பைகளை விட்டுவிட்டு இறங்கிய 379 பேரும் தப்பினார்கள். விமானம் முழுவதும் சாம்பலாயிற்று.

நான் எழுதிய பட்டியல் இவ்விடத்தில்தான் தலைகீழாயிற்று. ஆபத்துக்கென்று இத்தனை கவனமாக நிரப்பும் பையை, மெய்யான ஆபத்து வரும்போது விட்டுவிட்டு ஓட வேண்டும்! அப்படியானால் விடக் கூடாதது பையில் இருக்கலாகாது. உடம்பில் இருக்க வேண்டும். எங்கள் பாட்டிமார் இதை எந்த விமான நிலையத்திலும் கற்கவில்லை. இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் வெற்றிலையும் காசும் மாத்திரமா இருந்தன? பிறப்புச் சீட்டும் தோட்டத்துப் பதிவுத் துண்டும்கூட மடித்து இருந்தன.

காகிதத்தின் விலை மலையகத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழகத்திலிருந்து எங்கள் மூதாதையர் வந்த காலத்தில், தோட்டத்தின் எண் துளைத்த தகரத் துண்டொன்றை அவர்கள் கழுத்தில் கட்டிவிட்டார்கள். அது பொதிக்கு ஒட்டும் சீட்டு; பொதி உரிய தோட்டத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். பின்னர் 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இந்த மண்ணில் பிறந்தானா, பாட்டன் பிறந்தானா என்று அத்தாட்சி கேட்டபோது, காட்டக் காகிதமில்லாதவர்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தின்பின், தகரப் பெட்டிகளோடு தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வந்தது. 2014 அக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் விழுங்கியபோதும், உயிரோடு ஓடியவர்கள் காகிதங்களை மண்ணுக்குள் விட்டே ஓடினார்கள்.

ஆகவே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பருத்தித் துணியில் ஒரு சுருக்குப் பை. அதனுள் நீர் புகாத உறையில் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, சிறிது பணம், இரண்டு நாள் மாத்திரை, மூன்று தொலைபேசி எண்கள் எழுதிய காகிதம். எண்கள் கைத்தொலைபேசியிலேயே இருக்கின்றனவே என்றாள். தொலைபேசி உயிரற்றுக் கிடக்கும் வேளைக்குத்தான் அந்தக் காகிதம் என்றேன். விமானம் ஏறுமுன் அதை ஆடைக்குள் கட்டிக்கொள்ள வேண்டும், இறங்கும்வரை அவிழ்க்கலாகாது.

இறங்கிய பிறகு? வேலைக்குச் செல்லும் வீட்டில் முதலில் வாங்கி வைத்துக்கொள்வது கடவுச்சீட்டையே என்று முன்னே போய் வந்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பிடுங்கி வைப்பது அந்நாடுகள் பலவற்றின் சட்டத்துக்கே விரோதம். எனினும், தனியே நிற்கும் பெண் சட்டப் புத்தகத்தை யாரிடம் காட்டுவாள்? அதனால் கடவுச்சீட்டின் பிரதியும், வேலை ஒப்பந்தத்தின் பிரதியும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த சான்றின் பிரதியும் ஊரிலும் இருக்க வேண்டும் என்று பட்டியலின் கடைசியில் சேர்த்தேன்.

புறப்படும் நாளன்று என் தங்கை மாங்காய் ஊறுகாய்ப் போத்தலோடு நின்றாள், கைப்பையில்தான் வைப்பேன் என்று. நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவத்தைக் கையில் விடமாட்டார்கள், ஊறுகாயையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. ஒருவாறு அது மூன்று பொலித்தீன் உறைகளுக்குள் பெரிய பெட்டிக்குப் போயிற்று. சுருக்குப் பையைத் தன் அம்மாயியின் பழைய சேலைத் துணியில் அவளே தைத்திருந்தாள். காலை ஐந்து மணிக்குப் பஸ் புறப்பட்டது. பிரதிகள் மூன்றும் என் அலுமாரியில், மேல்தட்டில் இருக்கின்றன.