புதிய டிவியில் முகங்கள் சிவந்து தெரிகின்றனவா? பழுது அல்ல, ‘விவிட்’ அமைப்பே காரணம்

புது தில்லி: கடையில் பளிச்சென்று தெரிந்த தொலைக்காட்சி, வீட்டில் மாட்டியதும் முகங்களைச் செக்கச்சிவப்பாகவும் கிரிக்கெட் மைதானத்தைச் செயற்கைப் பச்சையாகவும் காட்டுகிறதா? பெரும்பாலும் அது பழுதாக இருக்காது. ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ அமைப்பில் டிவி இயங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

கண்ணைப் பறிக்கும் கடை விளக்குகளுக்கு நடுவே, வரிசையாக நிற்கும் பல திரைகளில் ஒன்று தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்கான அமைப்பு அது. அதில் நிறங்கள் மிகைப்படுத்தப்படும். வெண்மை நீலம் பாய்ந்திருக்கும். ஆனால் திரைப்படங்களும் எச்டி ஒளிபரப்பும் சுமார் 6,500 கெல்வின் வெண்மையை அடிப்படையாகக் கொண்டே தொலைக்காட்சிக்காக நிறம் திருத்தப்படுகின்றன. அதாவது, ஒளிப்பதிவாளர் அந்தி வெளிச்சத்தில் எடுத்த காட்சி, வீட்டுத் திரையில் நண்பகல்போல மாறிவிடுகிறது.

இதற்கு எளிய தீர்வு, பட அமைப்பை ‘சினிமா’, ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றுவதே. இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டதை யுஎச்டி அலையன்ஸ் என்ற தொழில் கூட்டமைப்பு 2019-இல் அறிவித்தது. நிற வெப்பநிலையை ‘வார்ம்’ என வைக்க வேண்டும். முதலில் திரை மஞ்சள் பூத்ததுபோல் தோன்றும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமையிழந்து பழைய அமைப்புக்குத் திரும்பிவிடுகின்றனர். சில நாள்களில் கண் பழகிவிடும்.

அடுத்து கவனிக்க வேண்டியது ‘பிரைட்னஸ்’. பெயர் அப்படியிருந்தாலும், பல டிவிகளில் இது திரையின் ஒளியை அல்ல, கருமையின் ஆழத்தையே நிர்ணயிக்கிறது. ஒளியைக் கூட்டிக் குறைப்பது ‘பேக்லைட்’. சில நிறுவனங்கள் கருமைக்கு ‘பிளாக் லெவல்’ என்று பெயரிட்டுள்ளதால் குழப்பம் கூடுகிறது. இருட்டுக் காட்சியில் கறுப்புத் தலைமுடியின் இழைகள் தெரிய வேண்டும். அதே நேரத்தில் கறுப்பு, சாம்பல் நிறமாக வெளிறிவிடக் கூடாது. ‘கான்ட்ராஸ்ட்’ அளவைச் சோதிக்க டெஸ்ட் போட்டியே போதும்: வீரர்களின் வெள்ளைச் சீருடையில் மடிப்புகள் மறைந்தால் அளவு மிகுதி. எழுத்துகளின் ஓரத்தில் வெண்கோடு படர்ந்தால் ‘ஷார்ப்னஸ்’ அளவைக் குறைக்கலாம்.

வழக்கமாக டிவி பார்க்கும் நேரத்திலேயே, அறையின் அதே வெளிச்சத்தில், மின்சேமிப்பு வசதியை நிறுத்திவிட்டு இவற்றைச் செய்வது நல்லது.

இணையத்தில் பிறர் வெளியிடும் ‘சரியான எண்களை’ அப்படியே பதிவு செய்வதில் பயன் குறைவு. ஒரே மாடலிலும் திரைக்குத் திரை சிறு வேறுபாடு உண்டு. அதை அளக்கக் ‘கலரிமீட்டர்’ என்ற கருவி தேவை. துல்லியமான நிறம் தொழிலுக்கே அவசியமானவர்களுக்கு அது பயன்படும். சாதாரண வீட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

பல டிவிகள் ஒவ்வோர் எச்டிஎம்ஐ இணைப்புக்கும் அமைப்புகளைத் தனித்தனியே சேமிக்கின்றன. செட்-டாப் பாக்ஸில் செய்த மாற்றம் ஓடிடி செயலிகளிலும் எச்டிஆர் படங்களிலும் தானாக வராமல் போகலாம். அங்கும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.