யார் முதலில் சாப்பிட்டது? கொரிந்துப் பந்தியும் நம் ஊர்த் திருவிருந்தும்

தலித் இலக்கிய மேடையில் பைபிள் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் சேரிகளில் பல கிறிஸ்தவ வீடுகளுக்குள் அச்சுப் புத்தகம் என்று முதலில் நுழைந்தது வேதாகமம். எழுத்தும் அதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. 1992-இல் வந்த ‘கருக்கு’ நாவலில் பாமா கன்னியர் மடத்தையும் சபையையும் கேள்வி கேட்கிறார். ஏழைகளின் பக்கம் நின்ற இயேசுவை அளவுகோலாக வைத்தே கேட்கிறார். ஆகவே இந்தப் புத்தகத்தை எப்படி வாசிப்பது என்பது நமக்கும் உரிய பிரச்சினை.

இன்று ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரம், 17 முதல் 34 வரையிலான வசனங்கள். திருவிருந்து ஆராதனையில் இதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் பெரும்பாலும் 23-ஆம் வசனத்தில் தொடங்குவார்கள். பிறகு 27-க்கு வந்ததும் ‘அபாத்திரமாய்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்வார்கள். அபாத்திரமாய் அப்பம் புசிப்பவன் குற்றவாளி. உடனே களையெடுத்துவிட்டு வந்த அம்மாவுக்குப் பயம் வந்துவிடும். நேற்று பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினோமே, போகலாமா வேண்டாமா? குடி, பொய், சண்டை என்று பாவப் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் சாதி இருந்து நான் அதிகம் கேட்டதில்லை.

விட்டுவிட்ட 17 முதல் 22 வரையிலான வசனங்களில்தான் விஷயம் இருக்கிறது. கொரிந்து சபையார் ஒன்றுகூடிச் சாப்பிடுகிறார்கள். அது அடையாளத்துக்கு ஒரு துண்டு அப்பம் அல்ல, முழுச் சாப்பாடு. சிலர் தாங்கள் கொண்டுவந்ததை முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒருவன் பசியோடு இருக்க, இன்னொருவன் வெறித்துக் கிடக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கோபப்படுகிறார். நீங்கள் சாப்பிடுவது ஆண்டவருடைய விருந்தே அல்ல என்கிறார்.

கெர்ட் தைசன் என்ற ஜெர்மன் அறிஞர் இந்தப் பகுதியைச் சமூகவியல் கண்ணோடு வாசித்தார். சமூகவியல் படித்த எனக்கு அந்த வாசிப்பு பெரிய திறப்பு. அன்றைய சபை வசதியானவர்களின் வீடுகளில் கூடியது. ரோமானிய வீட்டுச் சாப்பாட்டு அறையில் சாய்ந்து உண்ண ஏறக்குறைய ஒன்பது பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் முற்றத்தில். ஒரே விருந்தில் தரத்துக்கேற்ற உணவும் தரத்துக்கேற்ற திராட்சமதுவும் பரிமாறுவது அன்றைய பழக்கம். ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைக் கண்டித்துக் கடிதமே எழுதியிருக்கிறார். அடிமைகளும் கூலிகளும் வேலை முடித்து வரும்போது பாத்திரம் காலி. இரட்டைக் குவளை தெரிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது ‘அபாத்திரமாய்’ என்ற சொல்லுக்குத் திரும்புங்கள். அது தனி மனிதரின் தகுதியை அளக்கும் சொல் அல்ல. உண்ணும் முறையைச் சொல்கிறது. 29-இல் ‘சரீரத்தை நிதானித்து அறியாமல்’ சாப்பிடுவது பற்றி வருகிறது. அடுத்த அதிகாரத்தில் பவுல் சபையையே சரீரம் என்கிறார். கூட இருக்கும் மனிதரைத் தன் உடம்பின் உறுப்பாக அடையாளம் காணாமல் உண்பதே குற்றம். 33-இல் அவர் தரும் தீர்வும் பாவமன்னிப்பு ஜெபம் அல்ல: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். ஆக, பயப்பட வேண்டியவர் களையெடுத்துவிட்டு வந்த அம்மா இல்லை.

நம் ஊரிலும் சண்டை இந்தப் பந்தியில்தான் வெடித்தது. 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கீர்த்தனைகளால் நாம் அறிந்த வேதநாயகம் சாஸ்திரியார், அதற்கு முன்பே, சாதியை விடச் சொன்ன மிஷனரிகளுக்கு எதிராக எழுதியவர். மதுரையில் அமெரிக்க மிஷன் 1847-இல் அன்பின் விருந்தைச் சாதி விட்டதற்கான சோதனையாக்கியது. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, பறையர் சமைத்த உணவை உண்ணாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்ற அளவுக்குப் போனது.

சாதி போனதா? ஒருநாள் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். 1936-இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் இதைத் தெளிவாகச் சொன்னார்: சமபந்தி சாதியைக் கொல்லவில்லை, கலப்பு மணமே மருந்து.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்றால் பலருக்குத் தெரியும், இதை வேறொரு பக்கத்திலிருந்து பிடித்தார். 2005-இல் மறைந்த அவர் பேசியது ‘ஒரே ஒலை’. நம் கிராமங்களில் குடும்பம் பிரிந்தது என்பதைத் ‘தனி ஒலை வச்சுட்டாங்க’ என்றுதானே சொல்கிறோம். சேர்ந்து உண்பது வேறு, ஒரே உலையில் அரிசி போடுவது வேறு. இரண்டாவதில் உழைப்பும் தானியமும் கடனும் பொதுவாகின்றன. வழிபாட்டுக்குள் கிராமியப் பாட்டையும் பறையையும் அவர் கொண்டுவந்ததும் இதே காரணத்தால்தான். தீண்டத்தகாதது என்று தள்ளிய கருவி பீடத்தருகே வந்தால் சரீரம் யார் என்பது காதில் விழும்.

கலாத்தியர் 3:28-ஐயும் சொல்லியாக வேண்டும். யூதன் கிரேக்கன் இல்லை, அடிமை சுயாதீனன் இல்லை என்ற வசனம். இது சபை ஏற்றுக்கொண்ட கடமை. இதையே நடைமுறை உண்மைபோலக் காட்டி, எங்களிடம் சாதி இல்லை என்று சொல்கிறார்கள், கல்லறைத் தோட்டத்தை இரண்டாக வைத்துக்கொண்டே. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி நிலை தந்தது. 1956-இல் சீக்கியர், 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே. மதம் மாறிய பிறகும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி, செருப்புத் தைக்கும் தொழிலாளி சூசையின் வழக்கை 1985-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆதாரம் ஒவ்வொரு பங்கிலும் மண்ணுக்கடியில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள், வெட்கத்தாலோ வசதியாலோ, கலாத்தியர் வசனத்தை நீட்டுகிறார்கள்.

வேத ஆராய்ச்சிக் குழு நடத்தும் மாணவர்கள் அடுத்து அப்போஸ்தலர் 6-ஐ எடுங்கள். அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கைவிடப்படுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசுவோர் முறையிடுகிறார்கள். சபை ஏழு பேரைப் பொறுப்பில் வைக்கிறது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட தரப்பின் கையிலேயே பந்தியின் கரண்டி போயிருக்கிறது. இதை வாசித்த பிறகு உங்கள் மறைமாவட்டப் பள்ளிகளின் ஆசிரியர் பட்டியலையும், சேகரக் கமிட்டியின் பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.