நாசிக் திராட்சையின் பதிவெண்

தோட்டத்தில் பறித்த பழம் அயல்நாட்டுக் கடையைச் சேரும்வரை கட்டந்தோறும் அதன்மீது ஏறும் உழைப்பு, செலவு, விலை ஆகியவற்றின் தொடரை மதிப்புச் சங்கிலி என்பர். இதில் பழத்தின் தரத்துக்கு நிகராக, அது விளைந்த விதத்துக்கான சான்றும் விலைபெறுகிறது என்பதை மகாராட்டிரத்தின் நாசிக் மாவட்டத் திராட்சை ஏற்றுமதி தெளிவாகக் காட்டுகிறது.

ஐரோப்பாவுக்கு அனுப்ப விரும்பும் விவசாயி முதலில் தோட்டத்தைப் பதிவுசெய்து அதற்கொரு பதிவெண் பெற்று, தெளித்த ஒவ்வொரு மருந்தையும் தேதியோடு ஏட்டில் குறித்துவர வேண்டும். உணவில் தங்கியிருக்கலாம் என அனுமதிக்கப்பட்ட மருந்தின் உச்ச அளவான எச்ச வரம்பைத் தாண்டவில்லை என்று ஆய்வகம் உறுதிசெய்த பிறகே பழம் ஏற்றுமதிக்குத் தகுதிபெறும். சிப்பம் கட்டும் கூடத்தில், மணிகளின்மேல் இயற்கையாகப் படிந்துள்ள வெண்பூச்சு கலையாதவாறு கொத்தைக் காம்பில் பிடித்துத் தூக்கும் தொழிலாளர்கள், வெடித்தவற்றையும் சிறுத்தவற்றையும் கத்தரியால் நறுக்கி நீக்குகின்றனர். அடுத்து, வெயிலில் ஏறிய சூட்டைப் பழத்திலிருந்து விரைவாக இறக்கும் முன்குளிரூட்டல் நடைபெறுகிறது. பெட்டிக்குள் வைக்கப்படும் தாளிலிருந்து மெல்லக் கசியும் கந்தக டை ஆக்சைடு வாயு பூஞ்சணத்தைத் தடுக்கிறது. நவசேவா துறைமுகத்தில் ஏறும் கன்டெய்னர், பல வாரக் கடற்பயணம் முழுவதும் ஏறத்தாழ 0 டிகிரி செல்சியசிலேயே இருந்தாக வேண்டும்; ஆதலால் 2023 இறுதியில் தொடங்கிய செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேர்ந்தபோது, கூடிய ஒவ்வொரு நாளும் பழத்தின் ஆயுளில் கழிந்தது.

பெட்டியிலிருந்து தோட்டம்வரை பின்னோக்கித் தடம் காண உதவும் கிரேப்நெட் என்னும் கணினி அமைப்பை, வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபேடா 2006இல் ஏற்படுத்தியது. எனினும், அன்றைய சோதனைப் பட்டியலில் இடம்பெறாத குளோர்மெக்வாட் குளோரைடு என்னும் வளர்ச்சி ஒழுங்குபடுத்தியின் எச்சம் 2010இல் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டுச் சரக்குகள் மறுக்கப்பட்டதால், விவசாயிகள் பெரும் இழப்புக்கு உள்ளாயினர்.

பழம் போய்ச் சேர்ந்து விற்ற பின்னரே விலை தீர்வாகும் முறையில், கப்பல் கூலி, குளிர்பதனச் செலவு, தரகு ஆகியவை கழிந்து எஞ்சுவதே விளைவித்தவருக்குக் கிடைக்கிறது. குறையைத் தோட்டம்வரை கொண்டுவந்து சேர்க்கும் பதிவெண்ணுக்கு இலாபத்தையும் அவ்வாறே கொண்டுவரும் ஆற்றல் இல்லை. மகாகிரேப்ஸ், சஹ்யாத்ரி போன்ற விவசாயிகளின் கூட்டமைப்புகள் சிப்பம் கட்டுதலையும் விற்பனையையும் தம் கையில் எடுத்துக்கொண்டதற்கு, செலவுகள் போக எஞ்சுவதே விளைவித்தவருக்குக் கிடைக்கும் நிலையும் ஒரு காரணம்.