கடிதம் கொடுத்தால் விடுப்பு ஆகிவிடுமா?

மூன்று நாட்கள் பாடசாலைக்கு வராத பிள்ளை, நான்காம் நாள் தந்தையின் கடிதத்தை வகுப்பாசிரியரின் மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் அமர்வதே எமது தாயகத்தில் நாம் கண்ட வழக்கம். ‘சுகவீனம் காரணமாக’ என்று தொடங்கும் அக்கடிதத்தின் மெய்பொய்யை எவரும் துருவி ஆராய்வதில்லை. பெரியம்மா வீட்டுக் கலியாணம் என்பதும், வயலில் அரிவி வெட்டு என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்தேயிருக்கும். இங்கிலாந்தில் வாழும் எம்மவர் பலர் அவ்வழக்கத்தையும் தம்முடன் கொண்டு வந்துள்ளனர். அதனால் விளையும் இடர்களைக் குறித்தே இங்கு எழுதுகிறோம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் விதிகள் வேறானவை.

இந்நாட்டில் பெற்றோரின் கடிதம் ஓர் அறிவித்தல் மாத்திரமே, அனுமதியன்று. அனுமதி வழங்குபவர் பாடசாலை அதிபர். 2013ஆம் ஆண்டுவரை குடும்ப விடுமுறைக்கெனப் பத்து நாட்கள்வரை வழங்க அதிபருக்கு இடமிருந்தது. அவ்வாண்டு அவ்வாசகம் விதிகளிலிருந்து நீக்கப்பட்டு, அசாதாரண சூழ்நிலைக்கு மட்டுமே விடுப்பு என்றாயிற்று. தவணை நாட்களில் விமானச்சீட்டு மலிவு என்பது அசாதாரண சூழ்நிலையாகாது. உற்றாரின் மரணம் போன்றவற்றை அதிபரே எடைபோட்டுத் தீர்மானிப்பார். பிள்ளையின் சுகவீனத்திற்கு முன்அனுமதி வேண்டியதில்லை. முதல் நாள் காலையிலேயே தொலைபேசியில் அறிவித்தல் வேண்டும்.

‘என் பிள்ளை மற்ற நாட்களில் ஒழுங்காகப் போகிறதே’ என்பார் உளர். இதே வாதத்தை உச்ச நீதிமன்றத்திலும் முன்வைத்தார் வைற் தீவைச் சேர்ந்த யோன் பிளற் என்ற தந்தை. அனுமதி மறுக்கப்பட்ட பின்னரும் 2015 ஏப்ரலில் மகளைப் புளோரிடாவுக்கு அழைத்துச் சென்ற அவர், தண்டப்பணம் செலுத்த மறுத்தார். ‘ஒழுங்காக’ என்பதன் பொருள் பாடசாலையின் விதிகளுக்கு இணங்க என்பதே என 2017 ஏப்ரல் 6ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தோற்றார்.

2024 ஓகஸ்ட் மாதம் தண்டப்பணம் உயர்த்தப்பட்டது. பத்துப் பாடசாலை வாரங்களுள் அனுமதியற்ற அரைநாட்கள் பத்து ஆகிவிட்டால், தண்டப்பணம் விதிப்பது பற்றிப் பாடசாலை ஆராய வேண்டும். தொகை 160 பவுண். 21 நாட்களுள் செலுத்தினால் 80. இது ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே விதிக்கப்படலாம். தாய், தந்தை, இரு பிள்ளைகள் என்றால் குறைந்தது 320 பவுண். மூன்று ஆண்டுகளுள் இரண்டாம் முறையாயின் சலுகை கிடையாது. மூன்றாம் முறை தண்டப்பணச் சீட்டே வராது, வழக்கு வரலாம். நீதிமன்றத் தீர்ப்பு ஒரு குற்றத்தீர்ப்பாகும். குடியுரிமை விண்ணப்பத்தில் குற்றத்தீர்ப்புகள் பற்றிய வினா உண்டு என்பதை எம் வாசகர்க்கு நினைவூட்டத் தேவையில்லை.

பிந்திச் செல்வதும் இக்கணக்கில் சேரும் என்பதைப் பலர் அறியார். காலையிலும் பிற்பகலிலும் வரவு இடாப்பு குறிக்கப்படுகிறது. இடாப்பு மூடப்படுமுன் வருபவர் பிந்தியவர். மூடிய பின் வருபவர், நியாயமான காரணம் இல்லையெனின், அந்த அரைநாள் முழுவதும் அனுமதியின்றி வராதவராகவே கொள்ளப்படுவர். இரவு வேலை முடிந்து வரும் தந்தை கண்ணயர்ந்துவிட, பிள்ளை பத்து மணிக்குப் போய்ச் சேரும் காலைகள் பத்து ஆனாலே போதும்.

இவை யாவற்றிலும் எம்மை வருத்துவது வேறொன்று. தாயின் வைத்தியசாலைச் சந்திப்பிற்கும், சபை அலுவலகத்திற்கும், சட்டத்தரணியிடமும் மொழிபெயர்க்கவென மூத்த பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் எம்மிடையே பரவலாக உண்டு. பிள்ளையின் சொந்த வைத்தியச் சந்திப்பிற்கு அனுமதி கிடைக்கும். பெற்றோரின் சந்திப்பிற்கு மொழிபெயர்க்கச் செல்வது அவ்வாறு கொள்ளப்படுவதில்லை. ஆகவே, ‘காய்ச்சல்’ என்று கடிதம் எழுதப்படுகிறது. மறுநாள் ஆசிரியை ‘இப்போது சுகமா?’ என்று கேட்கையில் அப்பொய்யைத் தன் வாயாற் சொல்ல வேண்டியவர் பிள்ளையே.

பொய்யினும் கொடியது அங்கு பிள்ளை காதில் விழுவது. தடுப்புக்காவலில் தனக்கு நேர்ந்ததைத் தந்தை சட்டத்தரணிக்குச் சொல்ல, அதனை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் பொறுப்பு பதினான்கு வயது மகள்மீது விழுகிறது. மகள் முன்னிலையில் தந்தை பாதியை விழுங்கிவிடுகிறார். கேட்ட மீதியிலும் பாதிக்கு மகளிடம் ஆங்கிலச் சொல் இல்லை. தாயின் நோயும் அவ்வாறே. மகனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் தன் உடல் உபாதையை வைத்தியரிடம் விளக்கமாகக் கூறுவார்? வழக்கும் வைத்தியமும் குறைபட்ட சொற்களின்மேல் நடக்கின்றன. பிள்ளையோ அன்றைய கணித பாடத்தையும் இழக்கிறது.

இதற்கு அவசியமே இல்லை என்பதுதான் வேதனை. தேசிய சுகாதார சேவையின் வைத்தியர்களிடமும் வைத்தியசாலைகளிலும் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறலாம். நேரிலோ தொலைபேசியிலோ அவர் உதவுவார். உள்துறை அமைச்சின் தஞ்சக்கோரிக்கை நேர்காணலிலும் மேன்முறையீட்டு மன்றிலும் மொழிபெயர்ப்பாளர் வழங்கப்படுவார். சட்டத்தரணியிடம் செல்பவர்கள் சட்ட உதவி பெறுவோராயின், அச்செலவு அதிலிருந்தே ஈடுசெய்யப்படலாம். முதற் சந்திப்பிலேயே கேட்டறிதல் நன்று. ஆனால், சந்திப்பு நாளன்று போய்க் கேட்டாற் பெரும்பாலும் கிடைக்காது. நாள் குறிக்கும்போதே சொல்லிவிடல் வேண்டும். ஆங்கிலம் அறவே தெரியாதவரும் தொலைபேசியில் இம்மூன்று சொற்களைச் சொல்லலாம்: ‘ரமில் இன்ரப்பிறிற்றர் பிளீஸ்’.