குழந்தை மனம் (12): இரண்டு நோட்டுப் புத்தகங்கள்

சென்ற வாரம் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச் சிதறலின் லட்சணங்களை விவரித்திருந்தேன். அதைப் படித்த தாய்மார் சிலர், “நீங்கள் சொன்ன அடையாளம் அத்தனையும் என் பிள்ளையிடம் இருக்கிறது, ஆனால் அவன் படு கெட்டிக்காரன் ஆயிற்றே!” என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கையில் நெளிவதும், கேள்வி முடிவதற்குள் விடையைக் கூறிவிடுவதும், ஜன்னலுக்கு வெளியே பார்த்திருப்பதும் கவனம் சிதறும் பிள்ளை, அறிவு மிகுந்த பிள்ளை ஆகிய இருவகையினருக்கும் பொதுவாகையால் அவர்களுடைய கலக்கம் மிகவும் நியாயமானதே.

ஐந்தாம் வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களின் கணக்கு நோட்டுகள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. பலகையில் பத்து வகுத்தல் கணக்குகள். முதல் பையன் ஆறு கணக்குகளுக்குப் படிகளை எழுதாமல் விடையை மட்டும் எழுதியிருந்தான், ஆறும் சரி, ஏழாவது இருக்கவேண்டிய இடத்தில், ஒவ்வொரு சக்கரமும் துலக்கமாக, ஒரு கூட்ஸ் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மற்றவனுடைய நோட்டில் முதல் இரண்டு கணக்குகள் படிப்படியாக, அழகாக இருந்தன. மூன்றாவதில் பலகையிலிருந்த 306 நோட்டில் 360 ஆகியிருந்தது. நான்காவது பாதியில் நின்றுபோயிருந்தது. பென்சில் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது.

இலக்கங்களைக் கூட்டி வரும் தொகை ஒன்பதால் வகுபட்டால் அந்த எண்ணும் ஒன்பதால் வகுபடுகிறதே, அது ஏன் என்று இருவரையும் கேட்டேன். அதுவரை காலை ஆட்டிக்கொண்டிருந்த முதல் பையன், மணி அடிக்கும் வரையில் அசையவில்லை. இரண்டாமவனோ துள்ளி எழுந்து, இரண்டு நிமிஷத்துக்குள் மூன்று யோசனைகள் சொன்னான். அவற்றில் ஒன்று உண்மையிலேயே நல்ல யோசனை. ஆயினும் எதையும் முடிவுவரை தொடர அவனால் இயலவில்லை.

அறிவு மிகுந்த குழந்தைகளை நியூயார்க்கில் பல்லாண்டுகள் ஆராய்ந்த லீட்டா ஹாலிங்வொர்த் என்ற அம்மையார், அவர் காலமான பின் 1942-ல் வெளிவந்த நூலில், நுண்ணறிவு ஈவு 140 உள்ள குழந்தை சாதாரண வகுப்பில் தன் நேரத்தில் பாதியை வீணாக்குகிறது என்றும், 170-க்கு மேற்பட்டதோ ஏறக்குறைய முழுவதையுமே வீணாக்குகிறது என்றும் பதிவு செய்திருக்கிறார். வேலையை மாற்றினால் அடங்கிவிடும் சேட்டை பெரும்பாலும் இத்தகைய சலிப்பால் வருவது. கவனச் சிதறலோ இடம் பார்ப்பதில்லை; ஆகையால்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேடு, ஒன்பது அறிகுறிகளில் ஆறேனும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்கவேண்டும், சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்கவேண்டும், அதுவும் வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படவேண்டும் என்று வற்புறுத்துகிறது.

ஆனால், பிடித்த காரியத்தில் மணிக்கணக்காக உட்காருகிறானே, ஆகவே குறை ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவதும் பிசகு. கவனச் சிதறல் உள்ள பிள்ளைகளுக்குக் கவனமே கிடையாது என்பதில்லை. வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்புவதுதான் கஷ்டம். அமைதியான அறையில், ஒருவர் எதிரே அமர்ந்து, புதுப்புதுப் புதிராக எடுத்து நீட்டும் நுண்ணறிவுச் சோதனையில்கூட அவர்கள் நன்றாகவே கட்டுப்பட்டிருக்கக்கூடும். ஆதலால் நான் புதிரைக் காட்டிலும் பல் துலக்குவதையும், டிபன் பாக்ஸ் வீடு திரும்புவதையும், தன் முறை வரும்வரை மட்டைக்குக் காத்திருப்பதையும்தான் விசாரிப்பேன். அந்த இரண்டாமவனின் தாயார், “சட்டைப் பித்தான் போடுவதற்குள் மூன்று தடவை கூப்பிட வேண்டும், அவனே ஆசையாக ஆரம்பித்த காத்தாடிகூடப் பாதியில் கிடக்கிறது” என்றார்.

அறிவு மிகுதியும் கவனச் சிதறலும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. இவர்களைத்தான் நாம் அதிகமாகத் தவறவிடுகிறோம் என்பது என் திடமான அபிப்பிராயம். புத்தி குறையை மூடிவிடுகிறது. குறை புத்தியை மங்கவைக்கிறது. ஓடியாடாமல் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண் குழந்தைகளை யாரும் சந்தேகிப்பதுகூட இல்லை. எட்டாம் வகுப்புவரை கேட்ட மாத்திரத்தில் கிரகித்து முதலாவதாக வந்த ஒரு பெண், ஒன்பதாவதில் பாடச்சுமை ஏறியதும், தெரிந்த விடைகளையே எழுதி முடிக்காமல் தாளைக் கொடுக்கத் தொடங்கினாள். வீட்டில் திமிர் என்றார்கள், பள்ளியில் சோம்பல் என்றார்கள். மருத்துவர் பரிசோதித்து விஷயத்தை விளக்கிய அன்று மாலை, அவள் என்னிடம் வந்து நெடுநேரம் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள், பிறகு, “அப்போ நான் சோம்பேறி இல்லையா, சார்?” என்று கேட்டாள்.

(தொடரும்)