சிவப்புப் பக்கம் திருப்பினால்

சமவெளிக் கார்களில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழ் எப்போதும் நீலத்தின் பக்கம்தான் நிற்கும். சிவப்புப் பக்கம் என்று ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும். மார்கழியில் ஊட்டிக்குப் புறப்பட்டு, குன்னூர் தாண்டி, முன்கண்ணாடி உள்ளே ஆவி படிந்து பாதை மறைந்த பிறகுதான் யாருக்காவது ஞாபகம் வரும். திருப்புவார்கள். சூடு வருவதற்கு முன்னால் நாற்றம் வந்துவிடும்.

"என்னங்க இது, எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் எலிக்கு முன்னால் விசாரிக்க வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டர் என்று தனி அடுப்பு எதுவும் இல்லை. எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெறும் சூடாக, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டில் கலந்து வீணாகிறது. சுமார் 90 டிகிரியில் சுற்றிவரும் அந்தக் கூலன்டில் கொஞ்சத்தை டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் காயில் என்ற ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, அதன் வழியே ப்ளோயர் காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான் ஹீட்டர். கூலன்டே இல்லாத பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் புகைக்குழாயின் சூட்டில்தான் காற்றைச் சூடாக்கினார்கள். அங்கே உறை துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புகையும் சேர்ந்து உள்ளே வந்துவிடும்.

காற்று வரும் வழியில்தான் விஷயம் இருக்கிறது. வைப்பர்களுக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக நுழைந்து, கேபின் ஃபில்டரைக் கடந்து, முதலில் ஏசியின் கூலிங் காயிலைத் தொட்டு, அப்புறம்தான் ஹீட்டர் காயிலுக்குப் போகிறது. நீங்கள் ஹீட்டரைப் போட்டாலும் காற்று கூலிங் காயிலைத் தொட்டுத்தான் வர வேண்டும். ஆகவே பழி ஹீட்டர் மேல் விழுந்தாலும் குற்றவாளி பெரும்பாலும் ஏசிதான்.

ஏசி ஓடும்போது அந்தக் காயிலில் நீர் வியர்த்து, ஒரு சிறு குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டும். வண்டியை அணைத்த பிறகும் காயில் ஈரமாகவே இருக்கும். கூடவே இருட்டு, தூசி. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேறென்ன வேண்டும்? மெத்திலோபாக்டீரியம் என்ற இனத்தைக் கார்க் காயில்களிலேயே ஆய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். இவை கிளப்பும் வாடைதான் காயாத சாக்ஸ் நாற்றம். வீட்டுக்கு வர ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும். செலவே இல்லாத வைத்தியம்.

கேபின் ஃபில்டர் அநேகமாக கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஒருமுறை நீங்களே உருவிப் பாருங்கள். வெள்ளையாக இருந்த காகித மடிப்புகள் சாம்பல் நிறக் கம்பளிபோல் வரும். மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் மடிப்புக்குள் சருகும் காய்ந்த பூவும் கிடக்கும். மூலையில் பஞ்சு பஞ்சாகக் கடித்துப் போட்ட தூளும் கருப்புப் புழுக்கையும் இருந்தால், பின்சீட்டுக் குரல் சொன்னது சரி.

நாற்றம் எங்கிருந்து என்று தெரியாதபோது ஒரு சோதனை: உள்காற்றையே சுற்றவைக்கும் பொத்தானை அழுத்துங்கள். வாடை மெல்ல அடங்கினால் மூலம் பானெட்டுக்குள் இருக்கிறது. சூடான புகைக்குழாய்மேல் ஆயில் சொட்டிக் கருகும் வாடை சிக்னலில் நிற்கும்போது அதிகமாவது இந்த வகை. அடங்காவிட்டால் மூலம் உள்ளேயே இருக்கிறது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓட்டுநரின் மூக்கை நம்ப வேண்டாம், அது பழகிவிடும். இறங்கி நின்றுவிட்டு மறுபடி ஏறுபவரைக் கேளுங்கள்.

இனிப்பாக, பாகு காய்ச்சுவதுபோல் வாடை வந்தால் கவனம். ஹீட்டர் காயில் ஓட்டையாகிக் கூலன்ட் கசிகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்கப் பிசுக்குப் படியும். பக்கத்து சீட்டின் கால்மிதி நனைந்திருக்கும். தொட்டால் ஏசித் தண்ணீர்போல் இராது, வழுவழுக்கும். கூலன்டில் பரவலாகச் சேர்க்கப்படும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். கல்லீரல் அதை ஆக்ஸாலிக் அமிலம் வரை மாற்ற, அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக இறங்குகிறது. தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்கிச் சாவது இதனால்தான். சொட்டைக் கழுவிவிடுங்கள்.

ஹீட்டர் காயிலை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும் என்பதால், நம்மூர் மெக்கானிக்குகள் சிலர் அதற்குப் போய்வரும் இரண்டு ஹோஸையும் இணைத்து பைபாஸ் செய்துவிடுவார்கள். சென்னை வெயிலில் வித்தியாசமே தெரியாது. மலைப்பாதை மூடுபனியில், கண்ணாடியைத் தெளியவைக்கச் சூடான காற்று வராதபோது தெரியும். தற்காலிகத்துக்குச் சரி, அதையே நிரந்தரமாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

அழுகிய முட்டை வாடை ஒருகாலத்தில் பெட்ரோலின் கந்தகத்தைக் காட்டிக்கொடுத்தது. 2020 ஏப்ரலிலிருந்து நம் நாட்டு எரிபொருளில் கந்தகம் பத்து லட்சம் பங்கில் 10 பங்குதான் இருக்கலாம். ஆகவே இப்போது அந்த வாடை வந்தால், அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிச் சூடான பேட்டரியையும் சந்தேகியுங்கள்.

இத்தனையும் விட்டுவிட்டு ஏசி துவாரத்தில் வாசனைத் திரவம் மாட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். சாட்சியின் வாயில் துணியை அடைப்பதற்குச் சமம் அது.

ஏனென்றால் மூக்கு கைவிடும் வாயு ஒன்று இருக்கிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். அதனோடு வரும் மற்றப் புகை வாடைதான் மூக்குக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. உள்ளே புகை வாடை அடித்தாலோ, தலை வலித்துக் குமட்டினாலோ எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, வண்டியை ஓரங்கட்டி அணைத்து, வெளியே வந்துவிடுங்கள். குளிர்கிறதே என்று எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிற்கும் வண்டிக்குள் தூங்காதீர்கள்.